மேற்கு ஆபிரிக்கா போகிறவர்கள் முதலில் ஏற வேண்டிய படி: கிளிநொச்சி மலேரியா அலுவலகம்

வெல்டிங் வேலைக்குக் கானா போய், டெமா துறைமுக நகரில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வட்டக்கச்சிக்குத் திரும்பியிருக்கிறேன். போகும்போது ஊரில் எல்லோரும் கள்ளரைப் பற்றித்தான் பயமுறுத்தினார்கள். அங்கே என்னைக் காப்பாற்றியது கிளிநொச்சியில் இலவசமாகக் கிடைத்த மலேரியாத் தடுப்புக் குளிசை. அதைத் தந்த மலேரியா தடை இயக்கத்தின் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னை அனுப்பிய ஏஜென்சியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் போதும் என்றார்கள். அது கட்டாயம்தான். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போட்டேன். போட்டுப் பத்து நாள் கழித்தே அந்த அட்டை செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும். கானாவின் தலைநகர் அக்ராவின் விமான நிலையத்தில் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஆனால் அந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. "மலேரியாவுக்கு என்ன தந்தவை?" என்று கேட்டது அம்மாதான். தொண்ணூறுகளில் வன்னியில் வீட்டுக்கு வீடு ஆட்கள் குளிரில் நடுங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்.

அம்மா கேட்ட பிறகுதான் கிளிநொச்சி மலேரியா அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பயணத் திகதியைக் கேட்டார்கள். வலிப்பு வந்திருக்கிறதா, மனநோய்க்கு மருந்து எடுத்திருக்கிறீர்களா என்றெல்லாம் பொறுமையாக விசாரித்த பிறகே மெஃப்லோகுயின் என்ற அந்தக் குளிசையைத் தந்தார்கள். கிழமைக்கு ஒன்று, சாப்பிட்ட பின். புறப்பட இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பின்னும் நான்கு கிழமை போட வேண்டும். ஒரு சதமும் வாங்கவில்லை.

ஏன் இலவசம் என்று கேட்டேன். குளிசை தந்த ஐயா சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. ஒழிந்தது என்று கைவிட்டதும் 1968, 69இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் வந்ததாம். உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. "நோய் போயிற்று, நுளம்பு போகேல்லை தம்பி. நீங்கள் இரத்தத்தில் கொண்டு வந்தால் இரணைமடுக் குளத்து நுளம்புக்கு அது போதும்" என்றார்.

குளிசையில் ஒரு கரைச்சல் உண்டு. போட்ட அன்று இரவு கனவுகள் நிஜம் போல வரும். எனக்கு மூன்றாம் கிழமையோடு குறைந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். தினமும் போடும் டொக்சிசைக்கிளின் போல வேறு மருந்து இருக்கிறது.

என் அறையில் இருந்த வவுனியாத் தம்பி எதுவும் போடாமல் வந்தவன். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. தடிமன் என்று இரண்டு நாள் பனடோலோடு கிடந்தான். மூன்றாம் இரவு பேச்சுத் தடுமாறியது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் கால் மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்தது: பல்சிபாரம் மலேரியா, மூளை வரை ஏறி ஆளைக் கொல்லும் வகை. அவன் பிழைத்தான். அந்த இரவை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அங்கே காய்ச்சல் என்றால் அன்றைக்கே இரத்தம் சோதியுங்கள். அவசர உதவிக்குக் கானாவில் 112.

குளிசை போட்டாலும் வலை வேண்டும். நாங்கள் டெங்குவுக்குப் பகலில் கவனமாக இருந்து பழகியவர்கள். மலேரியா நுளம்பு கடிப்பது இரவில். பொழுதுபட்டால் முழுக்கைச் சட்டை, படுக்கையில் மருந்து ஊட்டிய வலை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ட்ரோ-ட்ரோ என்ற பயணிகள் வானில் யன்னலோரம் இருந்து போனை நீட்டிப் பிடிக்காதீர்கள், இரவில் ஒக்காடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். கடலில் இழுவை கடுமை, நீந்தத் தெரியும் என்று இறங்க வேண்டாம். சனங்கள் நல்லவர்கள். எங்களைப் போலவே இடக்கையால் எதையும் நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

வந்த மறுநாளே அலுவலகத்துக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். கிருமி இல்லை. ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஆபிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லச் சொன்னார்கள். இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் குளிசை மிச்சம் இருக்கிறது. அம்மா நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.