வேர் பவுடர் காசுக்கு வொர்த்தா? நாப்பது மல்லிக் குச்சி வச்சுப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடுறேன், வெட்டின குச்சிக்கு வேர் வர வைக்கிற இந்த ஹார்மோன் பவுடர நான் வாங்கினது செம்பருத்திக்கோ மணிபிளாண்டுக்கோ இல்ல. அதெல்லாம் ஒடச்சு ஊண்டினாலே வந்துரும், அதுக்குப் போயி காசு செலவழிக்கிறது வெட்டி வேலை. மல்லிக்குத்தான் வாங்கினேன். மதுரையில குடியிருந்துக்கிட்டு மாடியில ஒரு குண்டுமல்லி இல்லைன்னா எப்படி? பக்கத்து வீட்டக்கா செடியில மொட்டு சும்மா முத்து முத்தா நிக்கும், அதுல குச்சி கேட்டு வாங்கிட்டு வந்து வச்சா ஒரு வாரம் பச்சையா இருந்து ஏமாத்திட்டு அப்புறம் அடி கறுத்துப் போயிரும், இப்படியே மூணு தடவ.

சரி ஹார்மோன் போட்டுப் பாப்போம்னு ஒரு வெத மருந்துக் கடைக்குப் போனேன் (பேரு வேணாம் விடுங்க). "வேர் விடுற பவுடர் குடுங்கண்ணே"ன்னேன், "இந்தாங்கக்கா, எல்லாம் ஒண்ணுதான்"னு ஒரு கறுப்பு பாக்கெட்ட எடுத்துக் குடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து படிச்சா அது ஹியூமிக் ஆசிட். அது ஏற்கனவே வேர் இருக்கிற செடிக்கு மண்ணுல ஊத்துறது, குச்சிக்கு வேர் வர வைக்கிற சாமானே இல்ல. மாத்திக் குடுங்கன்னு போனா பிரிச்ச பாக்கெட்ட வாங்க மாட்டேனுட்டாரு. 90 ரூவா போச்சு. நீங்க வாங்கும்போது பாக்கெட்டுல ஐபிஏ இல்லைன்னா என்ஏஏன்னு போட்டிருக்கான்னு பாருங்க, ஐபிஏன்னா இண்டோல் பியூட்ரிக் ஆசிட், செடி தன் நுனியில தானே சுரக்குற ஆக்சின்ங்கிற ஹார்மோன் வகையறா, என்ஏஏ அதே வேலைக்குச் செயற்கையா செஞ்சது. எத்தன சதவீதம்னும் போட்டிருக்கணும். மல்லி மாதிரி எளந்தண்டுக்கு 0.1 சதவீதம், அதாவது 1000 பிபிஎம் போதும், முத்தின கட்டை மாதிரி இருக்கிற தண்டுக்கு 0.3 கேக்கும். நம்பர் எதுவும் போடாம "ஸ்ட்ராங் ரூட்ஸ்"னு மட்டும் அச்சடிச்சிருந்தா வச்சுட்டு வந்துருங்க.

அப்புறம் ஆன்லைன்ல 50 கிராம் 120 ரூவாய்க்கு வாங்கினேன். டால்கம் பவுடர் மாதிரி லேசான ரோஸ் கலர், வாசம் ஒண்ணும் பெருசா இல்ல.

மொத தடவ வச்சது சித்திரையில, அழகர் ஆத்துல எறங்குற சமயம். அந்த வெயிலப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா, தண்ணியில போட்டு வச்ச குச்சி நாலே நாள்ல வழவழன்னு அழுகி நாறிப்போச்சு, ஏன்னா தண்ணி சூடாக சூடாக அதுல காத்து நிக்காது. பவுடர்ல தொட்டு வச்ச குச்சியும் காஞ்சு சருகாயிருச்சு. அப்ப பாக்கெட்டுக்கு ஒரு ஸ்டார் குடுக்குற கோவத்துல இருந்தேன்.

ஆவணி கடைசியில ரெண்டு மழை பேஞ்சதும் மறுபடி எறங்கினேன். இந்தத் தடவ ஒழுங்கா, நாப்பது குச்சி, பத்துப் பத்தா பிரிச்சு: பத்து சும்மா, பத்து கத்தாழைச் சோத்துல முக்கினது, பத்து பவுடர், பத்து தண்ணி டம்ளர்ல. எல்லாம் பென்சிலுக்குக் கொஞ்சம் கம்மியான தடிமன், கணுவுக்குக் கீழ சரிச்சு வெட்டினது, மேல ரெண்டு எலைய மட்டும் விட்டு அதையும் பாதியா கத்தரிச்சுட்டேன், இல்லைன்னா வேரே இல்லாத குச்சி எலை வழியா இருக்கிற ஈரத்தையும் விட்டுட்டு வாடிரும். தேங்காய் நார்த் தூள மூணு தண்ணி அலசி (உப்பு போகணும், நம்ம போர் தண்ணி உப்பு வேற) சலிச்ச மணலோட சரிபாதி கலந்து, மேல தண்ணி பாட்டில அடி வெட்டிக் கவுத்து, மாடிப்படிக்குக் கீழ வெயில் படாத எடத்துல வச்சேன். தண்ணி டம்ளரும் அங்கனதான்.

நாப்பதாம் நாள் எடுத்துப் பாத்தா பவுடர்ல ஏழு, கத்தாழையில நாலு, சும்மா வச்சதுல மூணு, தண்ணியில ஒண்ணே ஒண்ணு. பத்துக் குச்சிய வச்சு பெரிய ஆராய்ச்சின்னு சொல்ல முடியாது, ஆனா எண்ணிக்கைய விட வேர் வந்த தினுசுதான் எனக்கு ஆச்சரியம். சும்மா வச்ச குச்சியில ஒரு பக்கமா ரெண்டு வேர், நூல் மாதிரி தொங்குது. பவுடர் குச்சியில வெட்டின வாயச் சுத்தி வெள்ளையா பொரிப் பொரியா வீங்கி, அதுக்கு மேல சுத்திவர சேமியா மாதிரி பத்துப் பன்னெண்டு வேர். கத்தாழை நாலுக்கும் சும்மா மூணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா எனக்குத் தோணல, செலவில்லைங்கிறதால தடவிக்கலாம். தேன் தடவச் சொல்றாய்ங்க, தேன்ல வேர் வர வைக்கிற அளவுக்கு ஹார்மோன் எதுவும் கெடையாது, எறும்பு வந்ததுதான் மிச்சம்.

ஆனா நெசமா யோசிச்சா அந்தப் பாட்டிலும் நெழலும்தான் பாதி வேலை பாத்துச்சு. அதே பவுடர்தானே சித்திரையிலயும் போட்டேன்? எங்கப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம் முருங்கைப் போத்து நடும்போது மேல் வெட்டுல சாணிய உருட்டி அப்பி விடும், காஞ்சு போகாம இருக்க. அதுவும் இந்த பாட்டில் வேலையத்தான் செஞ்சிருக்கு.

கொறைன்னு சொன்னா, மூடி சரியில்ல, ஜிப் ரெண்டு நாள்ல பிஞ்சிருச்சு. அளவுக் கரண்டி கெடையாது. நான் ஈரக் குச்சிய நேரா பாக்கெட்டுக்குள்ளயே முக்கித் தொலச்சேன், ஓரமெல்லாம் கட்டி கட்டியாயிருச்சு, நீங்க அரை ஸ்பூன் தனியா கொட்டித் தொட்டுட்டு மிச்சத்தத் தூரப் போட்டுருங்க. தொட்டதும் விரலால ஒரு தட்டு தட்டுங்க, சந்தனம் மாதிரி அப்பினா வேர் வர்றதுக்குப் பதிலா தண்டு கருகும்.

மல்லி, நந்தியாவட்டைன்னு பத்துப் பதினஞ்சு பதியன் போடுறவங்களுக்கு 120 ரூவா தாராளமா தகும், ஒரே ஒரு செடி போதும்னா அந்தக் காசுக்கு தங்கச்சிமடம் பக்கம் இருந்து வர்ற பதியனையே வாங்கிரலாம். ஸ்டார் நாலு. ஒண்ணக் கொறச்சது ஜிப்புக்காக. இப்ப அந்த பவுடர் பிரிட்ஜ்ல கதவுப் பக்கம் ஒரு மூடி போட்ட டப்பாவுல இருக்கு, மாமியார் பாயாசத்துக்கு வாங்கின ரோஸ்மில்க் பவுடரான்னு கேட்டாங்க, அதனால மேல பெருசா "செடி மருந்து"ன்னு எழுதி ஒட்டியிருக்கேன், நீங்களும் ஒட்டிருங்க.