வாடகை வீட்டைப் படம்பிடித்து வைப்பது: சில வீடுகள் மாறிய பிறகு என் அனுபவம்

சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டிய நாளில்தான் சுவரில் உள்ள ஆணி ஓட்டையெல்லாம் ஹவுஸ் ஓனர் கண்ணில் படும். அதனால் பல வருஷமாகவே சாவி கைக்கு வந்ததும், சாமான் இறக்குவதற்கு முன்னால், வீடு முழுக்க போனில் எடுத்துவிடுவேன். காலி பண்ணும்போது அதே வரிசையில் இன்னொரு முறை.

இதற்கென்றே இருக்கும் ஆப்களும் பார்த்தேன், சரிப்படவில்லை. ஓனர் அதையெல்லாம் இறக்கிப் பார்க்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பே போதும். ஆனால் படங்களை ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த தேதி, நேர விவரமும் கூடவே போகாது. “இன்னைக்கு சாவி வாங்கிட்டேன் சார், வீடு இப்படி இருக்கு” என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். அதற்கு அவர் போடும் ‘ஓகேம்மா’வுக்குத்தான் மதிப்பு.

ஹால், பெட்ரூமுக்கெல்லாம் ஒரு வீடியோ போதும். தகராறு வருவது பாத்ரூமில்தான். போர் தண்ணீர் உப்பு படிந்து வெளுத்த குழாய், கெய்சருக்குக் கீழே ஓதம் காத்த சுவர், துரு ஏறிய ஃப்ளஷ் டேங்க் போல்ட். ஒரு வீட்டில் வாஷ்பேசின் ஓரம் முடி மாதிரி ஒரு விரிசல்; பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டிப் பிடித்து எடுத்து வைத்திருந்தேன். காலி பண்ணும்போது, “இது நீங்க வந்தப்புறம்தானே?” என்றார் ஓனர். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காசையும் விரிசலையும் மாறி மாறிப் பார்த்தவர், “சரி, விடும்மா” என்று ஈபி கணக்குக்குப் போய்விட்டார். (மீட்டர் ரீடிங்கையும் இரண்டு நாளும் எடுத்துவிடுங்கள்.)

2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரியானவை குடியிருப்பவர் பாடு; வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. ஆனால் அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களே! பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. சுவர் பளிச்சென்று இருக்கும் படத்தை நீட்டியும் அந்தப் பணம் எனக்கு ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்தால்தான் உண்டு.