சூறாவளிக்கு ஒதுங்க: அருகிலுள்ள கான்கிரீட் கட்டடமா, தொலைவிலுள்ள மேடா?

பிலிப்பைன்ஸ் கரையோரக் குடும்பங்களை வாட்டும் கேள்வி இது.

நேரம்: கட்டடத்துக்குக் கடைசி நேரத்திலும் ஓடலாம், மேட்டுக்கு முந்தைய நாளே கிளம்ப வேண்டும்.

காற்று: உறுதியான கட்டடமே மேல்.

கடல்: உயிர்கள் போவது பெரும்பாலும் இங்கேதான். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் சூறாவளி, புனல்போல் குறுகும் ஆழமற்ற சான் பெட்ரோ விரிகுடாவுக்குள் கடலைத் தள்ளியது. விரிகுடாவின் உட்கோடியிலுள்ள தக்லோபான் நகரில் சுமார் 5 மீட்டர் உயர்ந்த நீர், புகலிடங்களுக்குள்ளும் புகுந்தது. காற்றுக்கு அஞ்சிக் கதவடைத்தவர்கள் பலர் நீரில் மாண்டார்கள். நெஞ்சு பதறுகிறது. துலாங் தியோத் தீவிலோ சுமார் 1,000 பேரும் முன்கூட்டியே வெளியேறினார்கள். வீடுகள் அழிந்தன, ஆட்கள் பிழைத்தார்கள்.

விரிகுடாவின் உட்கோடியிலும் தாழ்வான தீவிலும் இருப்பவர்களுக்கு மேடுதான், தயங்கவே வேண்டாம். கடல்மட்டத்தைவிட நன்கு உயரமான கரையில், நடக்க இயலாத முதியவர்களோடு இருப்பவர்களுக்குக் கட்டடம் பொருந்தும், அதிலும் மேல்மாடி.