நிரந்தரமா, ஒப்பந்தமா, குழுவா? வேலூர் தெருவைக் கூட்டும் மூன்று வழிகள்

உள்ளாட்சியில் ஆள்குறைப்பு சத்தமில்லாமல் நடக்கும். ஒருவர் ஓய்வு பெறுவார், மாலை போட்டு அனுப்புவார்கள், இடம் காலியாகவே கிடக்கும். சில வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பணியிடமே பட்டியலில் இருக்காது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்தது. தொழிற்சங்கங்கள் இன்றுவரை அதை எதிர்ப்பது, இப்படி இடங்கள் மறைந்துவிடும் என்பதால்தான். வேலூரோ 2008-ல் மாநகராட்சியாகி, பிறகு சத்துவாச்சாரி, தாராபடவேடு எல்லாம் சேர்ந்து 60 வார்டாக விரிந்த ஊர். இங்கே தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாகவோ, தனியார் ஒப்பந்ததாரர் வழியாகவோ, சுய உதவிக் குழு வழியாகவோ வேலைக்கு வைக்கலாம்.

நிரந்தரப் பணியின் பலம் சம்பளம் மட்டுமல்ல. விடுப்பு உண்டு, வேலையில் இருக்கும்போதே இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். செலவு அதிகம் என்பதும் உண்மை, மறுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் டெண்டர் தொகை குறையும். யாருடைய பங்கில் குறைகிறது? எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்கப் பேட்டரி வண்டி ஓட்டிவரும் ஒப்பந்தத் தொழிலாளி அக்கா ஒருநாள் போனை நீட்டினார். சம்பளச் சீட்டில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம் இருக்கிறது. பாஸ்புக்கில் நான்கு மாதமாக ஒரு பைசா ஏறவில்லை. "பழைய மேஸ்திரி போயிட்டாரு, புது ஆளு எனக்குத் தெரியாதுங்கறாரு. எங்க போய்க் கேக்கறது?" என்றார். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் வேலை கொடுத்த நிர்வாகமே தர வேண்டும் என்கிறது சட்டம். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது, சுய உதவிக் குழு வழியாக தினக்கூலி. நடுவில் கம்பெனி கிடையாது, குறை சொல்ல மாநகராட்சி வாசல் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் பிடிமானம் குறைவு. சென்னையில் 5, 6-ஆம் மண்டலங்களில் இப்படி வேலை பார்த்தவர்களைத் தனியாரிடம் மாற்றியபோதுதான் 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

என் கணக்கில் முதலிடம் நிரந்தரத்துக்குத்தான். தினமும், வருடம் முழுக்க நடக்கும் வேலைக்குத் தற்காலிக ஆள் என்பதில் நியாயமில்லை. நிதி இல்லை என்றால் குழு முறை, கூலி நேரே வங்கிக் கணக்குக்கு. ஒப்பந்தம் கடைசி. அதுதான் வருமென்றால், வார்டு கவுன்சிலரிடம் நான் கேட்கப்போவது இது: ஒப்பந்ததாரரின் பில் பாஸ் பண்ணும் முன் ஒவ்வொருவர் பெயரிலும் பிஎஃப் கட்டிய ரசீதைப் பார்த்தீர்களா?