பெட்டியோடு வரும் டீசல் ஹீட்டர் கிட்: பழைய மோட்டார்ஹோமில் எது தேறும், எதை மாற்ற வேண்டும்

பழைய டீசல் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) குளிருக்கு இப்போது பலரும் வாங்கிப் பொருத்துவது, எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வரும் சீனத் தயாரிப்பு டீசல் ஏர் ஹீட்டர் கிட்; டீசலை எரித்து உள்ளே சூடான காற்றை ஊதும். எபர்ஸ்பேக்கர், வெபாஸ்டோ நிறுவனங்கள் நெடுநாளாக விற்றுவரும் ஹீட்டர்களின் அமைப்பைப் பார்த்துச் செய்தது. விலை அவற்றில் ஒரு சிறு பங்குதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஹீட்டரைத் தாராளமாக வாங்கலாம், அதோடு வரும் டீசல் குழாய், கிளிப், ஃபில்டர், சைலன்சர் எதையும் நம்பக்கூடாது. "ஒரே மாதத்தில் மக்கர் பண்ணுகிறது" என்று வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் பர்னரில் கோளாறு இருக்காது. டீசல் லைனில் எங்கோ காற்று புகுந்திருக்கும், இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கியிருக்கும்.

பெட்டியின் மேல் 5 கிலோவாட், 8 கிலோவாட் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, டீசல் பம்பின் உடம்பில் உள்ள எண்ணைப் பாருங்கள். 22 மி.லி. என்று இருந்தால் 1000 ஸ்ட்ரோக்குக்கு (பம்பின் ஒரு அடி ஒரு ஸ்ட்ரோக்) அவ்வளவு டீசல் என்று பொருள், அதாவது ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.022 மி.லி. நொடிக்கு 5 ஸ்ட்ரோக் ஓடினால் மணிக்குச் சுமார் 400 மி.லி. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது; 400 மி.லி.யில் 4. கால் பங்கு புகையோடு வெளியே போய்விட்டால் கைக்கு வருவது 3 கிலோவாட். அதே பம்பை வைத்து 8 கிலோவாட் வேண்டுமென்றால் நொடிக்கு 13 ஸ்ட்ரோக்குக்கு மேல் அடிக்க வேண்டும். அப்படி ஓடும் கிட் எதுவும் இல்லை. 2 கிலோவாட் என்பது உண்மையிலேயே சிறிய உடம்பு. 5, 8 இரண்டும் பெரும்பாலும் ஒரே உடம்பில் வேறு ஸ்டிக்கர். ஆகவே 8-க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆறேழு மீட்டர் நீளமுள்ள, சுவரில் இன்சுலேஷன் சுமாரான பழைய வண்டிக்கு 5 சரி. சிறிய வேனுக்கு 2 போதும்; அதில் பெரியதைப் போட்டால் எப்போதும் மிகக் குறைந்த வேகத்திலேயே ஓடி, கரி பிடித்து, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். லாரி சேஸியில் கட்டிய பழைய மோட்டார்ஹோம்கள் சில 24 வோல்ட். அதைப் பார்த்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் பொருத்த ஓடாமல், முதலில் மேசையில் வைத்தே சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஊதும் பக்கத்து விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது; கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, பர்னரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் டைட்டாக இருக்கின்றனவா, கேஸ்கெட் (கசிவை அடைக்கும் தகடு) ஓரம் பிதுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கவும். இந்த அலுமினிய வார்ப்புக்கு உள்ளே எரியும் காற்று, வெளியே நாம் சுவாசிக்கும் காற்று. இரண்டுக்கும் நடுவே அந்தக் கேஸ்கெட்டும் வார்ப்பின் சுவரும்தான். வார்ப்பு, பர்னர், கன்ட்ரோல் போர்டு, விசிறி நான்கும் இந்த விலைக்கு நன்றாகவே இருக்கின்றன. பம்பும் பரவாயில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் அதிகம்.

இனி டீசல். கிட்டோடு 10 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் ஒன்று வரும். அதன் அடியில் குழாய் பொருத்தும் இடம் கசியும், மூடியில் வாடை அடிக்கும்; வண்டிக்குள் வைக்கவே கூடாது. வண்டியின் சொந்த டேங்கிலிருந்து எடுப்பதுதான் முறை, ஆனால் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பழைய வண்டியில் பலர் இடறுகிறார்கள். இன்ஜினுக்குப் போகும் லைனை வெட்டி டி-பிட்டிங் (மூன்று வாய் இணைப்பு) போடுவது சுலபம்தான். மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் அந்த லைன் உறிஞ்சுதலில் இருப்பது. புதிதாகச் செருகிய இணைப்பில் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடிய பிறகு காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் சந்தேகிப்பார்கள்.

அதற்குப் பதில் டேங்கின் மேல் தகட்டில், டீசல் அளவைக் காட்டும் கருவி (sender unit) இருக்கும் மூடியில் துளை போட்டு, தனியாக ஒரு மெல்லிய ஸ்டாண்ட்பைப் (டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாய்) இறக்குங்கள். அந்தக் கருவியை வெளியே எடுத்துத்தான் துளை போட வேண்டும், டேங்குக்குள் இரும்புத் துகள் விழக்கூடாது. ஸ்டாண்ட்பைப்பின் நுனியை 45 டிகிரி சாய்வாக வெட்டி, டேங்கின் அடியிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. மேலே நிற்கும்படி விடவும். பழைய டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் வண்டலும் இல்லாமல் இருக்காது. நுனி மேலே நின்றால் அதை ஹீட்டர் உறிஞ்சாது. ஹீட்டர் எவ்வளவு ஓடினாலும் வண்டியை ஓட்ட டேங்கில் கொஞ்சம் டீசல் மிச்சமும் இருக்கும்.

கிட்டில் வரும் பச்சை நிற மென்மையான குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதன் உள்துளை பெரியது. இவ்வளவு குறைவாக டீசல் போகும் லைனில் குமிழ்கள் மேல்வளைவில் சேர்ந்து நின்றுவிடும், பிறகு ஒன்றாகப் போய்ச் சேரும்போது தீ நடுங்கும், சில நேரம் அணைந்தே போகும். 4 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. உள்விட்டம் உள்ள கெட்டியான வெள்ளை நைலான் குழாய்தான் வேண்டும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசுங்கும்; பிளேடால் நேராக வெட்டவும். இணைப்பு போடும் இடத்தில் இரண்டு முனைகளும் ரப்பர் ஸ்லீவுக்குள் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட்டாலும் அது குமிழுக்குக் கூடு. மேலே சுற்றிக் கடிக்கும் புழு-ஸ்க்ரூ கிளிப் இவ்வளவு சின்னக் குழாயை வட்டமாகப் பிடிக்காது. சிறிய போல்ட் வைத்த ஃப்யூயல் கிளிப் வாங்குங்கள்.

பம்ப் டேங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தள்ளத் தெரியும், இழுப்பதில் வலு குறைவு. டீசல் வெளியேறும் முனை மேலே பார்க்கும்படி 15 முதல் 35 டிகிரி சாய்வில், அல்லது அதற்கும் செங்குத்தாகவே மாட்டலாம். படுக்கவைத்தால் உள்ளே சேரும் காற்று வெளியேறாது. ரப்பர் பிடியில் தொங்கவிட்டு, கட்டிலுக்கு நேர் கீழே வராமல் சேஸியில் மாட்டினால் அந்த டிக் டிக் தூக்கத்தைக் கெடுக்காது.

புகைக்குழாயில்தான் உயிர் இருக்கிறது. புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எக்ஸாஸ்ட் இணைப்பு ஒன்றுகூட வண்டிக்குள் இருக்கக்கூடாது என்பதில் சமரசம் வேண்டாம். ஹீட்டரைத் தரையில் உட்கார்த்தி, அதன் அடியில் உள்ள இரண்டு மூக்குகளும் (புகை விடுவது ஒன்று, எரிகாற்று இழுப்பது ஒன்று) தகட்டுத் துளை வழியாக வண்டிக்குக் கீழே நீட்டிய பிறகே குழாய் மாட்ட வேண்டும். பழைய மோட்டார்ஹோம்களில் தரை பிளைவுட். மூக்கு நேராக மரத்தைத் தொட்டால் நாளடைவில் மரம் கருகும். மரத்தைத் தாராளமாக வெட்டி, மேலே உலோகத் தகடு வைத்து, அதன் மேல் ஹீட்டரை கேஸ்கெட்டோடு டைட்டாக வையுங்கள். வெட்டுவதற்கு முன் கீழே படுத்து பிரேக் பைப், டேங்க், குறுக்குச் சட்டம் எங்கே போகிறது என்று பார்ப்பது கட்டாயம்.

24 மி.மீ. ஸ்டீல் ஃப்ளெக்சிபிள் குழாய் பரவாயில்லை; ஆனால் கிட்டின் கிளாம்பை அப்படிச் சொல்ல முடியாது. மெல்லிய தகடு, இரண்டு முறை இறுக்கினால் மரை போய்விடும். நல்ல ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட் கிளாம்ப் மாற்றி, உயர்வெப்ப எக்ஸாஸ்ட் பேஸ்ட் பூசவும். சைலன்சர் மடிப்பு ஓரங்களிலேயே கசியும். அதையும் வண்டிக்கு வெளியே, அடியில்தான் மாட்ட வேண்டும். குழாய் முழுக்கக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போகட்டும்; எங்காவது தொங்கி வளைந்தால் அந்தத் தாழ்வில் நீர் தேங்கும், அங்கே 3 மி.மீ. துளை ஒன்று போட்டு வடிய விடுங்கள். புகை வெளியேறும் வாயும் எரிகாற்று இழுக்கும் வாயும் எதிரெதிர் திசையில் இருக்கட்டும். அருகருகே இருந்தால் தன் புகையையே திரும்ப இழுத்துக் கரி கக்கும். ஜன்னலுக்குக் கீழே புகையை விடாதீர்கள். உள்ளே நல்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த ஹீட்டரைப் போட்டுத் தூங்கவே கூடாது; சில கிட்டுகளோடு வரும் குட்டி அலாரம் கணக்கில் வராது.

மின்சாரத்துக்கு வருவோம். ஓடும்போது குறைந்த வேகத்தில் 1 ஆம்ப் சுமாரும், முழு வேகத்தில் 2, 3 ஆம்ப்பும் இழுக்கும். ஸ்டார்ட்டில் குளோ பிளக் (சிவந்து டீசலைப் பற்றவைப்பது) ஓரிரு நிமிடம் 10 ஆம்ப் வரை இழுக்கும், நிறுத்தும்போதும் பல மாடல்களில் மறுபடி ஒருமுறை. அந்த 10 ஆம்ப்தான் பழைய வண்டியின் குட்டை உடைக்கும். பேட்டரியிலிருந்து ஹீட்டருக்குப் போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர் என்று வையுங்கள்: 2.5 சதுர மி.மீ. வயரில் அரை வோல்டுக்கு மேல் விழும். 6 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்கூட விழாது. களிம்பு பிடித்த பழைய எர்த் பாயின்ட், தளர்ந்த ஃப்யூஸ் கால் சேர்ந்தால் இன்னும் ஒரு வோல்ட் போகும். பேட்டரியில் 12.3 காட்டும், ஹீட்டரின் சாக்கெட்டில் 11-க்குக் கீழே இருக்கும், பிளக் சிவக்காது, "பற்றவில்லை" என்று எரர் வரும். மல்டிமீட்டரை ஹீட்டரின் சாக்கெட்டிலேயே வைத்து, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பார்ப்பதுதான் சரியான சோதனை. பழைய வயரிங்கில் எங்காவது தொட்டு எடுக்காமல், ஹவுஸ் பேட்டரியிலிருந்து (இன்ஜினுக்கு அல்லாமல் உள்வசதிகளுக்கான பேட்டரி) நேராகத் தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்தில் 20 ஆம்ப் ஃப்யூஸ், எர்த்தும் சேஸி வழியாக இல்லாமல் பேட்டரிக்கே.

இந்த லைனில் ஐசோலேட்டர் சுவிட்ச் (மின்சாரத்தை முழுக்கத் துண்டிப்பது) வைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஹீட்டர் நிறுத்திய பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும். அதற்கு முன் மின்சாரத்தை வெட்டினால் அந்தச் சூடு மூடியையும் போர்டையும் உருக்கும். போர்டு போய்விட்டால் கிட் விலையில் பாதி போச்சு.

சூடான காற்றுக் குழாய் பற்றி நிறையச் சொல்ல இல்லை. 5 கிலோவாட்டுக்கு 75 மி.மீ.; வளைவுகள் குறைவாக, கடைசி வென்ட் (காற்று வெளிவரும் வாய்) மூடமுடியாததாக. எல்லா வென்ட்டையும் மூடிவிட்டால் ஓவர்ஹீட் ஆகி நின்றுவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் லைனில் டீசல் இருக்காது. கன்ட்ரோலரில் பம்பை மட்டும் ஓட்டும் வசதி இருக்கும். வெள்ளைக் குழாயில் டீசலின் முனை ஹீட்டரை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும், ஹீட்டருக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டினால் பர்னர் டீசலில் நனைந்து, பற்றும்போது வெள்ளைப் புகையாகக் கக்கும். அப்படி ஆகிவிட்டால் நிறுத்தி, விசிறி ஓடி முடிக்க விட்டு, பிறகு மறுபடி முயலவும். முதல் ஓட்டத்தில் எண்ணெய் கருகும் வாடை வருவது இயல்பு. ஜன்னல்களைத் திறந்து அரை மணி முழு வேகத்தில் ஓட்டினால் போய்விடும்.

ஓடத் தொடங்கியபின் வரும் தொல்லை கரி. ராத்திரியெல்லாம் குறைந்த வேகத்திலேயே ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தும் பழக்கம்தான் காரணம். தினமும் நிறுத்துவதற்கு முன் 15, 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். 1500 மீட்டருக்கு மேல் மலையில் காற்று மெலிந்து டீசல் கூடிப்போகும், கறுப்புப் புகை வரும். பம்ப் வேகத்தை மாற்றும் வசதியுள்ள கன்ட்ரோலரில் உச்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். வாங்கும்போதே இந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. எரர் எண்கள் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறும். பலவற்றில் இ-08 என்றால் தீ அணைந்தது, இ-10 என்றால் பற்றவில்லை.

இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வந்து, வோல்டேஜும் டீசலும் சரியாக இருந்தால், குளோ பிளக்கைக் கழற்றுங்கள். அதைச் சுற்றி உருளையாக நிற்கும் மெல்லிய கம்பி வலை ஒன்று இருக்கும். டீசல் அதில் ஊறித்தான் பற்றுகிறது. கறுப்பாகத் தார் பூசியதுபோல் அடைத்திருந்தால் சுரண்டிப் பயனில்லை, புதியது போடவும். பழையதை மெல்லிய மூக்குள்ள பிளையரால் பிடித்து, சுழற்றியபடி வெளியே எடுக்க வேண்டும். புதியதைச் செருகும்போது அதிலுள்ள சிறு வெட்டு, டீசல் குழாயின் வாய்க்கும் காற்றுத் துளைக்கும் ஒத்து உட்கார வேண்டும். கோணலாகத் திணித்தால் துளை மூடிக்கொள்ளும், புது வலை போட்டும் பற்றாது.

கிட்டோடு சேர்த்தே ஒரு குளோ பிளக், இரண்டு வலை, ஒரு கேஸ்கெட் செட், பிளக் கழற்றும் மெல்லிய ஸ்பானர் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். சாதாரண பாக்ஸ் ஸ்பானர் அந்தக் குழிக்குள் இறங்காது. பிளக்கில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்கவும்: 24 வோல்ட் பிளக்கை 12-இல் போட்டால் சிவக்கவே சிவக்காது, 12 வோல்ட் பிளக்கை 24-இல் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே போய்விடும்.