ஒரே இசைத்தட்டு, நாலு டிஜிட்டல் பிரதி: நெடுநாள் கேட்டுப் பார்த்ததில்

முதலே சொல்லிவிடுகிறேன், ஆட்கள் அதிகம் பகிர்ந்துகொள்ளும் பிரதிதான் நாலிலும் மோசம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியள் சேர்ந்து பாடி வெளிவந்த பொப் பாட்டு. ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி), பக்கத்துக்கு ஒரு பாட்டு. கிற்றார், பொங்கோ, அக்கோடியன், அவ்வளவுதான் வாத்தியம். பாட்டின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை, சொன்னால் ஆர் நல்லாகப் பாடினார்கள் என்ற சண்டையில் போய் நிற்கும். தட்டு யாழ்ப்பாணத்தில் ஏன் கிடைப்பதில்லை என்று விளக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம், அதில் றெக்கோட் பிளேயர் எங்கே ஓடுவது. 1995 இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனவர்கள் தட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பார்களா?

என்னிடம் இருப்பவை இவை. யூடியூபிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுகிற பிரதி. அதையே ஆரோ 'மெருகூட்டி' ஸ்டீரியோ ஆக்கிய பிரதி. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணை தன் தட்டிலிருந்து எடுத்து அனுப்பிய பிளாக் (FLAC, ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பு. கடைசியாக, கோண்டாவிலில் மாமா வீட்டு அலுமாரியில் தப்பிப் பிழைத்திருந்த தட்டிலிருந்து நாங்களே எடுத்தது.

யூடியூப் பிரதியில் இருந்து தொடங்குகிறேன், சுவாரசியம் அதில்தான் இருக்கிறது. அதோடு சேர்ந்து ஆர்மோனியம் வாசித்தால் எந்தக் கட்டையிலும் உட்காராது. ஒன்றில் வைத்தால் பாட்டு மேலே நிற்கும், அடுத்த கட்டைக்குப் போனால் கீழே நிற்கும். பாடுகிறவரின் குரலும் மீசை முளைக்காத பையனின் குரல் போல இருக்கும். வேகம் பிழை என்று காதுக்குத் தெரிகிறது, எவ்வளவு பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பாட்டுத் தொடங்குமுன் வருகிற வெறும் இரைச்சலை மட்டும் தெரிவுசெய்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். பழைய பதிவுகளில் பெரும்பாலும் கரண்டின் ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கையில் அது 50 ஹெர்ட்ஸ், கனடாவில் 60. இந்தப் பிரதியில் இரண்டு கூர் எழும்பி நின்றது. ஒன்று 60இல். மற்றது 52இல்.

52 ஹெர்ட்ஸில் கரண்ட் கொடுக்கிற நாடு உலகத்தில் எதுவும் இல்லை. ஆக, தட்டிலிருந்து கசற்றுக்கு அடித்தது 50 ஹெர்ட்ஸ் நாட்டில், பெரும்பாலும் இங்கேதான். பிறகு அந்தக் கசற் கடல் கடந்துபோய், சற்று வேகமாக ஓடுகிற ஒரு டெக்கில் ஏறி, 60 ஹெர்ட்ஸ் ஊரில் கணினிக்குள் போயிருக்கிறது. டெக்கின் வேகம் கூடியதால் பாட்டோடு பழைய ரீங்காரமும் 52க்கு ஏறிவிட்டது, புது ஊரின் ரீங்காரம் மட்டும் ஆடாமல் 60இல் நிற்கிறது. எங்கள் சனம் போன பாதை முழுக்க அந்த இரண்டு கூரில் கிடக்கிறது என்று மாமாவுக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாட்டைப் போடு" என்றார்.

சரி, ரீங்காரத்தை மட்டும் நம்பலாமா? இன்னொரு சாட்சியும் உண்டு. தட்டில் குறுக்கே கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டொக்' விழும். 45 சுற்று என்றால் டொக்குக்கும் டொக்குக்கும் இடையே 1.33 செக்கன் இருக்க வேண்டும். இந்தப் பிரதியில் இரண்டாம் சரணத்துக்குப் பக்கத்தில் வருகிற டொக்குகளை அளந்தால் 1.28. இரண்டு கணக்கும் நாலு வீதம் வேகம் என்றே சொல்கின்றன. அரைக்கட்டை கூடுவதற்குக் கிட்டத்தட்ட ஆறு வீதம் வேண்டும், அதனால்தான் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கியது. 52ஐ 50 ஆக்க வேகத்தை 3.85 வீதம் குறைத்தவுடன் பையன் வளர்ந்த ஆளாகிவிட்டான். ஒன்றைக் கவனியுங்கள், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுகிற கருவியைத்தான் பாவிக்க வேண்டும். சுருதியை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் மாற்றுகிற கருவி இதற்குச் சரிவராது.

மெருகூட்டிய பிரதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூடியூப் பிரதியில் நாடா மங்கி ஒரு சொல் விழுங்குப்படுகிற அதே இடத்தில் இதிலும் விழுங்குப்படுகிறது, எனவே புதிதாகத் தட்டைத் தேடி எடுத்ததில்லை. இரைச்சலைக் கழுவப்போய்ப் பொங்கோவின் தோல் சத்தத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள், 'ச' வருகிற இடமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவது போல் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் முதல் தடவை கேட்டால் ஆகா என்று தோன்றும். இயர்போனில் தொடர்ந்து கேட்டால் தலை இடிக்கும். போலி ஸ்டீரியோவில் அக்கோடியன் இடது காதுக்கும் வலது காதுக்கும் நடந்து திரிகிறது, பாவம்.

ரொறன்ரோ பிரதிக்கு வருவோம். நல்ல ஊசி, சரியான வேகம், சரியான ஈக்குவலைசேஷன். இந்தக் கடைசி விசயத்தில் பலர் சறுக்குகிறார்கள். தட்டு வெட்டும்போது கீழ்ச் சுருதிகளைக் குறைத்து மேல்ச் சுருதிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள், 20 ஹெர்ட்ஸில் இது ஏறக்குறைய 20 டெசிபெல் குறைப்பு. பிளேயருக்குப் பின்னால் இருக்கும் போனோ பகுதி அதைத் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் நேரே கணினியில் செருகினால் தகரப் பேணிச் சத்தம்தான் வரும். அண்ணை அதையெல்லாம் அச்சொட்டாகச் செய்திருக்கிறார். ஆனால் தட்டு தேய்ந்தது. முந்தின சொந்தக்காரர் ஆரோ மழுங்கின ஊசியைப் பாரமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும், குரல் ஓங்குகிற இடமெல்லாம் கிழிந்த சத்தம். பள்ளத்தின் சுவர் தேய்ந்துபோனால் எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கட்ட முடியாது. நான் கேட்ட எந்த உபகரணத்திலும் இந்தக் கிழிசல் மறையவில்லை, பருத்தித்துறை பஸ்ஸின் இரைச்சலுக்குள்கூட.

எங்கள் பிரதி நேர்மாறு. அலுமாரிக்குள் கிடந்ததால் தூசும் பூஞ்சணமும், ஆனால் அதிகம் ஓடாத தட்டு. கழுவும்போது கிணற்றுத் தண்ணீரைக் கிட்டவும் கொண்டுபோகவில்லை. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்தால் கேத்திலின் அடியில் என்ன படிகிறதோ அதுதான் பள்ளத்துக்குள்ளும் படியும். கடையில் விற்கிற பற்றரித் தண்ணீர் (அமிலமல்ல, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர்), ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, லேபிள் நனையாமல் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைத்தல், மறுபடி வெறும் பற்றரித் தண்ணீர், நிழலில் நிறுத்திக் காயவிடுதல். இரவல் வாங்கிய யூஎஸ்பி பிளேயரில் ஊசிக்கு இரண்டு கிராம் பாரம் வைத்து ஓட்டி, இடது வலது இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினோம். மோனோத் தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் குதித்து எடுக்கிற சத்தம் எல்லாம் தூசும் அழுக்கும்தான், கூட்டும்போது அதில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வேறு எந்த வடிகட்டியும் போடவில்லை.

கரகரப்பு இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. மனைவிக்கு இது பிடிக்கவே பிடிக்காது, அடுப்படியில் போட்டால் "எண்ணெய்ச்சட்டி பொரியிற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டுங்கோ" என்பாள். அவளுக்காகப் பெரிய டொக்குகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து நீக்கிய இன்னொரு கோப்பு வைத்திருக்கிறேன். மொத்தப் பாட்டிலும் ஒரே அமுக்கில் நீக்கினால் பொங்கோவின் அடியையும் டொக் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது, அதனால் கையால்தான். நேரம் தின்கிற வேலை, ஆனால் மூலக் கோப்பு பத்திரமாக இருப்பதால் பயம் இல்லை. பாட்டு மெல்ல மங்கி முடிகிற இடத்தில் வாத்தியக்காரர் ஒருவர் பின்னாலிருந்து "ஓய்!" என்று கத்துகிறார், இது எங்கள் பிரதியில் மட்டும்தான் கேட்கிறது. ரொறன்ரோ பிரதியில் தேய்மானத்துக்குள் போய்விட்டது, மற்ற இரண்டிலும் அதற்கு முன்பே பாட்டை வெட்டிவிட்டார்கள்.

எம்பி3 ஆ பிளாக் ஆ என்ற வாதத்துக்கு இங்கே வேலை இல்லை. இந்தத் தட்டில் 320 கிலோபிற் எம்பி3க்கும் பிளாக்குக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு திருத்த வேண்டி வரும் என்பதால்தான் பிளாக்காக வைத்திருக்கிறேன். போனில் எம்பி3தான்.

கலியாண வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போடுவதென்றால் டொக் நீக்கிய கோப்பு. ஆர்மோனியம், கிற்றாரோடு பழக மூலக் கோப்பு. ரொறன்ரோ பிரதியை இப்போது வேகம் ஒப்பிட மட்டும் திறக்கிறேன். மற்ற இரண்டையும் போனில் இருந்து அழித்துவிட்டேன், ஆனாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆராவது வட்ஸ்அப்பில் திரும்ப அனுப்பிவிடுகிறார்கள்.

தட்டின் பின்பக்கம் இன்னும் சரிவரவில்லை. மாமாவின் தட்டில் அந்தப் பக்கம் ஆழமான கீறல், ஊசி துள்ளி அடுத்த பள்ளத்துக்குப் போகிறது, பல்லவியில் ஒரு வரி கிடைக்கவே இல்லை. ஆரிடமாவது அந்தப் பக்கம் இருந்தால் எவ்வளவு கரகரத்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து எதையும் சுத்தம் செய்யாமல், வெட்டாமல், ஊசி இறங்குகிற சத்தத்திலிருந்து தூக்குகிற சத்தம் வரை அப்படியே எடுத்து அனுப்புங்கோ.