பஸ் வாடகைக்குப் பேசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லாரும் பஸ் பேச ஆரம்பித்திருப்பீர்கள், அதனால் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். ஆடி 18க்குக் கொல்லிமலையில் இருக்கிற எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ் பேசினோம். மொத்தம் 38 பேர், அதில் 9 பேர் பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள், எங்கள் அப்பாயிக்கு 78 வயது. அத்தனை பேரும் அன்றைக்கு உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம் என்றால் அது அந்த டிரைவரால்தான்.

பேசப் போனபோது ஆபீஸ் வாசலிலேயே ஒரு வண்டி நின்றது. நல்ல வண்டி, ஏறிப் பார்த்தோம், சீட்டு, டயர் எல்லாம் சுத்தமாக இருந்தது. மலைக்குப் போகிறோம், 70 கொண்டை ஊசி வளைவு, சின்ன சேஸ், அதாவது நீளம் குறைந்த வண்டிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "இதே வண்டிதான் சார் வரும், மலைக்குப் போய்ப் பழகின வண்டி" என்றார் ஓனர். வாடகை 22,000 பேசி 8,000 அட்வான்ஸ் கொடுத்தேன். அவர் கொடுத்த துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும்தான் இருந்தன, வண்டி எண் இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்காததுதான் நான் செய்த தப்பு, நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அன்றைக்கு விடிகாலை நாலரை மணிக்கு வீட்டு முன்னால் வந்து நின்றது வேறு வண்டி. போன் செய்தால், "அந்த வண்டி பட்டறையில் நிற்குது சார், இதுவும் நம்ம வண்டிதான், எஃப்.சி. எல்லாம் கரண்டில் இருக்கு" என்றார். எஃப்.சி. என்றால் வண்டிக்கு வாங்குகிற தகுதிச் சான்று. ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அந்த நேரத்தில் வேறு எங்கே போய் வண்டி பிடிப்பது? ஆட்டுக்கிடா கட்டியாயிற்று, பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் வாசலில் இருக்கிறது. ஏறிவிட்டோம். இவர்கள் இந்த நெருக்கடியை நம்பித்தான் வண்டியை மாற்றி அனுப்புகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே புதுப் பெயிண்ட், உள்ளே புது சீட்டு உறை, கலர் லைட்டு. பேளுக்குறிச்சி தாண்டின பிறகுதான் பெரியம்மா காலுக்குக் கீழே ஏதோ அமுங்குகிறது என்றார். மேலே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகடு துருப்பிடித்து அரித்துப்போன இடத்தில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து அதன் மேல் மேட்டை ஒட்டியிருக்கிறார்கள். பிளைவுட் ஓரத்தில் ரோடு ஓடுவது தெரிந்தது.

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் குழந்தை பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வண்டிக்கும் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடுகிற மாநகரப் பேருந்தின் தரைப் பலகை உடைந்து ஒரு பெண் உள்ளே இறங்கிவிட்டார், கூட இருந்தவர்கள் கத்தி வண்டியை நிறுத்தியதால் பிழைத்தார். இதெல்லாம் செய்தியாகப் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும், உங்கள் பெரியம்மா காலுக்குக் கீழே பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். அந்த வரிசையில் இருந்த பிள்ளைகளை எல்லாம் எழுப்பி முன்னால் கொண்டுபோய் மடியில் உட்கார வைத்தோம்.

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தோம். இருபதாவது வளைவோ என்னவோ, ரேடியேட்டர் கொதித்து நின்றது. சமையலுக்குக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் நின்று, திரும்ப ஏறி, திரும்ப நின்று, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அப்போதே வண்டியை அனுப்பிவிட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் இறங்கும்போதுதான் விஷயம். பத்துப் பன்னிரண்டு வளைவு இறங்கியிருப்போம், பிரேக் லைனிங் தீய்கிற வாடை உள்ளே அடித்தது. டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் காற்று மீட்டர் முள் கீழே இறங்குகிறது, அடுத்த வளைவுக்குள் அது பழையபடி ஏறவில்லை. பஸ்ஸுக்கு ஏர் பிரேக், காற்று இல்லையென்றால் மிதித்தும் பிரயோஜனம் இல்லை. அந்தத் தம்பி பதறவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் வைத்தே உருட்டிக்கொண்டு வந்து, ஒரு வளைவில் மலைப் பக்கமாக ஒதுக்கி, மண் மேட்டில் லேசாக அணைத்து நிறுத்தி, கிளீனர் பையனை இறக்கிச் சக்கரத்துக்குக் கல் போடச் சொல்லிவிட்டு, "அண்ணா, எல்லாரையும் இறக்கிடுங்க, சாமானை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். இறங்கின பிறகு என்னிடம் தனியாகச் சொன்னான், "மலைக்கு இந்த வண்டி வேணாம்னு ஓனர்கிட்ட நேத்தே சொன்னேண்ணா." அவன் பெயரை எழுத மாட்டேன், வேலை போய்விடும்.

அப்பாயியைக் கட்டைச் சுவரில் உட்கார வைத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் இரண்டு வேன் பிடித்து, அதற்கு 4,500 தனியாகக் கொடுத்து இறங்கினோம். ஓனருக்கு போன் போட்டால் முதலில் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தவர், மலைக்கு என்று நான் சொல்லவே இல்லை என்கிறார். மீதிப் பணத்தையும் கேட்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வண்டி எண்ணை எம்-பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். முதல் பதிவு 2005. ஆனால் எஃப்.சி. காலாவதி ஆகவில்லை, இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது. அவர் போனில் சொன்னது பொய் இல்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அப்படியானால் இந்த வண்டியை எத்தனை முறை கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள், அந்தத் தரையை ஒருவராவது குனிந்து பார்த்திருக்க மாட்டாரா? ராசிபுரத்தில் பட்டறை வைத்திருக்கிற என் மச்சானிடம் கேட்டேன். எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு மட்டும் வேறு வண்டியில் இருந்து நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டு, வந்து திரும்பக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். வண்டியைக் கட்டி இழுத்து வந்த பிறகு அவனே போய்ப் பார்த்தான். காற்று போய்ப் பிரேக்கைத் தள்ளுகிற பிரேக் சேம்பருக்குள் இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் இரண்டு சக்கரத்தில் வெடிப்பு விட்டுக் காற்று கசிந்திருக்கிறது, இறக்கத்தில் புகைபோக்கியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கின் இணைப்பே கழற்றிக் கிடக்கிறது, முன் டயர் இரண்டும் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது. திருப்புகிற முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் போட்டு மலைக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது.

பழைய வண்டி என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷ வண்டியும் ஓடும், எங்கள் ஊர்ப் பக்கம் லாரிக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் வயது ஏற ஏற அதற்குச் செலவு செய்தாக வேண்டும், வயதான வண்டியைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் செலவு செய்ய முடியாதவராகத்தான் இருக்கிறார். நல்ல ரூட்டில் ஓடிய பஸ் கழிந்து சின்ன ரூட்டுக்கு வரும், அங்கே கழிந்தது கல்லூரி, மில் வேலையாட்கள் என்று ஒப்பந்தத்துக்குப் போகும், அங்கேயும் கழிந்தது கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வரும். வருஷத்தில் ஒரு நாள் ஏறுகிற நாம் அதன் தரையைப் பார்க்க மாட்டோம் என்று தெரியும்.

நம் போக்குவரத்துக் கழகங்களில் விரைவுப் பேருந்துக்கு 7 வருஷம், மற்ற பேருந்துகளுக்கு 9 வருஷம் அல்லது 12 லட்சம் கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியும் ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம், கணக்கு என்று ஒன்றாவது இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று ஒன்றிய அரசு விதியே போட்டுவிட்டது, கழகப் பேருந்துகளுக்கும் அது பொருந்தும். தனியார் வண்டிக்கு அந்த விதி இல்லை. பக்கத்தில் கேரளாவில் தனியார் பஸ்ஸுக்கு 15 வருஷம் என்று இருந்த வரம்பை 20 ஆக்கி, அப்புறம் 22 ஆக்கினார்கள். அரசு பஸ்ஸில் ஏறுகிற உயிருக்கு 15 வருஷம் தாண்டினால் ஆபத்து, தனியார் பஸ்ஸில் ஏறுகிற உயிருக்கு ஆபத்து இல்லையா? வருஷத்தை மட்டும் வைத்து ஓரங்கட்டாவிட்டாலும், 15 தாண்டின பஸ்ஸை மலைக்கும் பிள்ளைகளை ஏற்றவும் விடக்கூடாது என்பது என் கருத்து.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள், அங்கேயே நின்று ஆப்பில் போட்டுப் பாருங்கள், முதல் பதிவு எந்த வருஷம், எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். ரசீதில் வண்டி எண், போகிற ஊர், மலை ஏற வேண்டும் என்றால் அதையும் எழுதி, வேறு வண்டி வந்தால் அட்வான்ஸ் திரும்பத் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் பேசாதீர்கள். வண்டி வந்ததும் மேட்டைத் தூக்குங்கள், வெட்கப்படாதீர்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும், 3117 என்றால் 2017ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்தது. இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏறின பிறகு நிறுத்தி, ஐந்து நிமிஷம் மீட்டரைப் பாருங்கள், முள் கண் முன்னால் இறங்கினால் ஏறாதீர்கள். அப்புறம் டிரைவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

நான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரையின் போட்டோவோடு மனு கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். சேலம், நாமக்கல் பக்கம் இப்படி வண்டி மாற்றி அனுப்பியதால் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீது, போட்டோ எது இருந்தாலும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.